தோட்டப்புறத்தில் அன்றாடம் ஓட ஒரு பழைய டட்சன்: தம்பதியருக்கான வழிகாட்டி

ஒரு பழைய காரை மாதம் ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து, நான்கு பேர் பார்க்க நிறுத்திவிட்டு வீடு திரும்புவதற்கும், காலை ஆறரை மணிக்கு அதை நம்பி வேலைக்குப் புறப்படுவதற்கும் தேவைப்படும் சீரமைப்பு ஒன்றல்ல. இந்தக் கட்டுரை இரண்டாவது வகையினருக்காக எழுதப்படுகிறது. மலேசியாவில், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் இருக்கும் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப் பனை) நிற்கும் ஒரு தோட்டத்தின் ஓரத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். என் கணவர் செம்பனை ஆலையில் பொறிப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறார். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் டட்சன் 120ஒய் காரை வீட்டு முற்றத்திலேயே அன்றாட ஓட்டத்துக்குத் தயார் செய்தோம்.

புதிதாகத் தொடங்குவோர் எல்லாவற்றுக்கும் முன்பாக வேலையின் வரிசையைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் காரை நிறுத்தும் பாகங்கள், பிறகு திருப்பும் பாகங்கள், அதன்பின் சூட்டைத் தணிக்கும் பாகங்கள், அடுத்து மின்கம்பிகள், பிறகு தகர உடல், கடைசியில்தான் சாயம். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சாயத்துக்கும் மெத்தைக்கும் முதலில் பணம் போய்விடுவதால், பிரேக்குக்கும் ரேடியேட்டருக்கும் வரும்போது கை வறண்டுவிடுகிறது. கார் பளபளப்பாக முற்றத்திலேயே நின்றுவிடுகிறது. எந்தச் சீரமைப்பும் திட்டமிட்ட பணத்துக்குள் முடிவதில்லை. ஆகவே பணம் எந்த இடத்தில் தீர்ந்தாலும் அதுவரை செய்த வேலை காரைப் பாதுகாப்பாக ஓட்ட உதவ வேண்டும் என்பதே எங்கள் கணக்கு.

எந்தக் காரை வாங்குவது

தோட்டப்புறங்களில் இன்றும் கண்ணில் படும் பழைய கார்களில் மோரிஸ் மைனருக்குத் தனி மரியாதை உண்டு. 1948 முதல் 1971 வரை பிரிட்டனில் தயாரான அந்தக் காருக்கு இன்றும் புதிய உதிரி பாகங்கள் செய்யப்படுகின்றன. ஆனால் அதன் முன்சக்கரத் தாங்கியின் கீழே உள்ள திருகு இணைப்புக்குத் தவறாமல் கிரீஸ் அடித்தாக வேண்டும். அதை மறந்தால் அந்த இணைப்பு தேய்ந்து கழன்று, ஓடும்போதே சக்கரம் சாய்ந்துவிடக்கூடும். தினமும் ஓட்டுவோருக்கு அது கூடுதல் கவலை. மறுபக்கம், 1985-இல் வெளிவந்த முதல் தலைமுறை புரோட்டோன் சாகாவும் இன்று பழங்கார் வரிசையில் சேர்ந்துவிட்டது. பாகங்கள் எளிதில் கிடைப்பதால் முதன்முறை கை வைப்போருக்கு அது நல்ல தேர்வு.

நாங்கள் இவற்றுக்கு நடுவில் உள்ள டட்சன் 120ஒய் காரைத் தேர்ந்தெடுத்தோம். 1973-இல் ஜப்பானில் அறிமுகமான இந்தக் காரை டான் சோங் நிறுவனத்தார் மலேசியாவிலேயே பொருத்தி விற்றதால், நம் நாட்டு போமன்களில், அதாவது கார் பழுது பார்ப்போரில், வயதானவர்கள் பலருக்கு இதன் ஒவ்வொரு நட்டும் தெரியும். 1,171 சிசி கொள்ளளவுள்ள ஏ12 எஞ்சின், நான்கு கியர், பின்சக்கர இயக்கம் என எல்லாமே எளிய அமைப்பு. வால்வை இயக்குவது பெல்ட் அல்ல, சங்கிலி; ஆகவே பெல்ட் அறுந்து எஞ்சின் பாழாகும் அச்சம் இல்லை. இதன் சிலிண்டர் தலை அலுமினியத்தால் ஆனது என்பதை மட்டும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சூடு பற்றிப் பேசும்போது அது முக்கியமாகும். அலுமினியத் தலையில் வால்வு அமரும் இடத்துக்குத் தனியாக எஃகு வளையம் பதித்திருப்பார்கள். ஈயம் நீக்கிய இன்றைய பெட்ரோலால் வார்ப்பிரும்புத் தலை கொண்ட பழைய கார்களில் அந்த இடம் தேய்ந்துபோகும் தொல்லை இதில் குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம்.

பார்க்கப் போகும்போது ஒரு சிறு காந்தம், ஒரு திருப்புளி, ஒரு கைவிளக்கு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். எஞ்சின் ஓடாவிட்டாலும் பரவாயில்லை. எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கலாம், மாற்றலாம். துருவேறிய உடலைச் சரிசெய்வதுதான் செலவு. காந்தம் ஒட்டாத இடத்தில் தகரத்துக்குப் பதிலாகப் பூச்சு மாவு நிரம்பியிருக்கிறது என்று பொருள். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் உடலோடு சேரும் இடம், முன்பக்க அதிர்வு தாங்கியின் மேல்முனை பொருந்தும் கோபுரம், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்புப் பெட்டி, கால் வைக்கும் தரை, பேட்டரித் தட்டு, மாற்றுச் சக்கரம் வைக்கும் குழி, முன்கண்ணாடியின் கீழ் மூலைகள் ஆகியவற்றைத் திருப்புளியின் பின்புறத்தால் தட்டிப் பாருங்கள். முதலில் சொன்ன இரண்டு இடங்களும் மக்கிப்போயிருந்தால் அந்தக் காரை விட்டுவிடுவது நல்லது.

கார் எங்கே நின்றிருந்தது என்றும் கேளுங்கள். தோட்டங்களில் பழைய கார்களை உரக் கிடங்கிலோ, ரப்பர்ப் பால் உறைய வைக்கும் கொட்டகையின் பக்கத்திலோ நிறுத்தி வைக்கும் வழக்கம் உண்டு. செம்பனைக்குப் போடும் பொட்டாசியம் குளோரைடு ஓர் உப்பு. அதன் தூசி ஈரத்தோடு சேர்ந்தால் தகரத்தை வேகமாக அரிக்கும். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தின் ஆவியும் இரும்புக்குப் பகை. வெட்டவெளியில் வெயிலில் நின்று சாயம் வெளுத்த கார், அத்தகைய கிடங்கில் பத்திரமாக மூடி வைத்த காரைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடும்.

காசு கொடுக்கும் முன் காகிதம்

விலை பேசி முடிந்தாலும், கெரானை, அதாவது காரின் உரிமைப் பதிவுச் சான்றை, கையில் வாங்கிப் பார்க்காமல் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். அதில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் காரில் பொறித்துள்ள எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இந்த வகைக் கார்களில் ஏ14, ஏ15 எஞ்சின்களை மாற்றிப் பொருத்தும் பழக்கம் பரவலாக இருந்தது. அந்த மாற்றம் சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிவு செய்யப்படாமல் விட்டிருந்தால், பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையிலேயே கார் திரும்பி வந்துவிடும்.

தோட்டப்புறங்களில் அடிக்கடி நேரும் சிக்கல் வேறொன்று. கார், காலஞ்சென்ற ஒரு கிராணியின் (தோட்ட எழுத்தரின்) பெயரிலோ ஆசிரியரின் பெயரிலோ இருக்கும். பிள்ளைகள் விற்க முன்வருவார்கள். பிள்ளைகளின் வாய்ச்சம்மதம் போதாது. வாரிசுகள், இறந்தவரின் சொத்துகளைக் கவனிக்கும் அரசு நிறுவனமான அமானா ராயா வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோ உரிய ஆணையைப் பெற்ற பிறகே காரை உங்கள் பெயருக்கு மாற்ற முடியும். அந்த வேலை முடியும்வரை முன்பணம் மட்டும் கொடுத்து, கையெழுத்திட்ட சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாலை வரி பல ஆண்டுகளாகக் கட்டப்படாத கார் என்றால், பதிவு எண்ணோடு துறையின் அலுவலகத்துக்கு நேரில் சென்று, என்ன பரிசோதனை வேண்டும், நிலுவையில் சம்மன் ஏதும் உள்ளதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இந்த அலைச்சலை எங்கள் வீட்டில் நான் ஏற்றுக்கொண்டேன்; பள்ளி விடுமுறை அதற்கு வசதியாக அமைந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

நீண்ட நாள் நின்ற காரை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். இழுவை லோரியில் ஏற்றி வாருங்கள். முற்றத்தில் சமதளமான சிமெண்டுத் தரை வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக் கூடாது என்பதில் விதிவிலக்கே வேண்டாம்: ஜாக் ஸ்டாண்ட் நான்கு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, கை எட்டும் தூரத்தில் ஒரு தீயணைப்பான் ஆகியவை முதல் ஸ்பேனருக்கு முன்பே வாங்க வேண்டியவை.

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்து, அதன் நட்டுகளைச் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டு, பையின்மேல் இடத்தின் பெயரை எழுதுங்கள். ஒருவர் கழற்றினால் மற்றவர் எழுத வேண்டும். எண்ணெய்க் கையோடு ஒருவரே இரண்டையும் செய்ய முயன்றால் எழுத்துவேலைதான் முதலில் கைவிடப்படும். ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தில் செலவும் வேலையும் தேதியோடு ஏறட்டும். மாலை ஏழு மணிக்குக் களைப்போடு விட்ட வேலையை அடுத்த வாரம் தொடரும்போது, எந்த நட்டு இறுக்கப்பட்டது, எது கையால் மட்டும் திருகப்பட்டது என்று சொல்ல அந்த நோட்டைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

எஞ்சினை எழுப்புதல்

வந்தவுடன் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிதளவு எஞ்சின் எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் கியரை நடுநிலையில் வைத்து, எஞ்சினின் முன்பக்கக் கப்பி நட்டில் ஸ்பேனர் பொருத்திக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்றினால் பழைய எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றி, 20டபிள்யூ-50 எண்ணெய் ஊற்றலாம். டாங்கியில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுவதும் வடித்து, டாங்கியைக் கழுவி, ரப்பர்க் குழாய்கள் அனைத்தையும் புதிதாக மாற்றுங்கள். குழாயின் மேற்புறம் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உரிந்திருக்கும். அந்தத் துகள்கள்தான் கார்புரேட்டரை அடைக்கின்றன.

தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்டின் இடைவெளி 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர்; எஞ்சின் சூடாக இருக்கும்போது வால்வு இடைவெளி 0.35 மில்லிமீட்டர், தீப்பொறி வரிசை 1-3-4-2. எஞ்சின் ஓடத் தொடங்கியபின் அழுத்தமானியால் நான்கு சிலிண்டர்களையும் சோதியுங்கள். நான்கிலும் அளவு ஏறத்தாழ ஒன்றாக இருப்பது, அளவு உயர்ந்திருப்பதைவிட முக்கியம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டில் மட்டும் அழுத்தம் விழுந்திருந்தால், அவற்றுக்கு நடுவில் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் தலைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று ஐயப்படலாம். எஞ்சின் ஓரளவு சீராக ஓடினால் இப்போதைக்கு அத்துடன் விட்டுவிடுங்கள். அதை முழுவதுமாகப் பிரிக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். நிற்கத் தெரியாத காருக்கு நல்ல எஞ்சின் எதற்கு?

பிரேக்: அவசரம் கூடாத இடம்

பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. நம் ஊரின் ஈரக்காற்றில் அது இன்னும் விரைவாக நடக்கும். ஈரம் சேர்ந்த எண்ணெய் குறைந்த சூட்டிலேயே கொதித்துக் குமிழ் விடும்; அப்போது பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. உள்ளே இருக்கும் அந்த ஈரமே, பெடலை மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் சக்கரச் சிலிண்டர்களையும் எஃகுக் குழாய்களையும் உள்ளிருந்து அரிக்கும். ஆகவே பல ஆண்டுகள் நின்ற காரில் எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், முன்சக்கரங்களுக்குச் செல்லும் ரப்பர்க் குழாய்கள், பின் அச்சுக்கு மேலே உள்ள ரப்பர்க் குழாய் ஆகிய அனைத்தும் மாற்றப்பட வேண்டும். பழைய ரப்பர்க் குழாய் உள்ளே வீங்கி ஒருவழிக் கதவாக மாறிவிடும். மிதித்தால் எண்ணெய் போகும், விட்டால் திரும்பாது, அந்தச் சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே சூடேறும்.

எஃகுக் குழாய்களுக்குப் பதிலாகச் செம்பு-நிக்கல் கலவைக் குழாய் போட்டால் துருத் தொல்லை இல்லை. அதன் முனையை விரித்து மடிக்கும் கருவி விலை அதிகமானது; குழாய்களை அளந்து எடுத்துச் சென்று, அந்தக் கருவி வைத்திருக்கும் பட்டறையில் முனைகளை மட்டும் செய்து வாங்கிக்கொள்ளலாம். பிரேக் கட்டைகளை மூடியிருக்கும் டிரம்மைத் திறக்கும்போது காற்றழுத்தக் குழாயால் தூசியை ஊதவே கூடாது. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கக்கூடும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் கேடு. தண்ணீரால் நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். முகக் கவசம் இருவருக்கும் வேண்டும்.

பிறகு, பிரேக் குழாய்களுக்குள் சிக்கிய காற்றை எடுக்கும் வேலை. இதற்கு இரண்டு பேர் தேவை என்பதால், தம்பதியர் இருவரும் காரோடு பழகிக்கொள்ள இதைவிடச் சிறந்த பாடம் இல்லை. நம் நாட்டுக் கார்களில் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால், அதிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் இடப்பக்கப் பின்சக்கரத்தில் தொடங்கி, வலப்பக்கப் பின்சக்கரம், இடப்பக்க முன்சக்கரம், வலப்பக்க முன்சக்கரம் என்ற வரிசையில் வர வேண்டும். கீழே இருப்பவர் சக்கரத்தில் உள்ள காற்று நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைப் புதிய பிரேக் எண்ணெய் உள்ள போத்தலில் மூழ்க வைக்கிறார். "மிதி" என்று அவர் சொன்னால் மேலே இருக்கும் நான் மெதுவாக மிதித்து, அழுத்தியபடியே "மிதிச்சாச்சுங்க" என்கிறேன். அவர் நிப்பிளைத் திறக்கிறார், பெடல் கீழே இறங்குகிறது, குமிழ் வெளியேறுகிறது, நிப்பிளை மூடிய பிறகே "விடு" என்கிறார். அந்தச் சொல் வருமுன் காலை எடுத்தால் வெளியேறிய காற்று அப்படியே உள்ளே திரும்பும். இந்த மூன்று சொற்களைத் தவிர வேறு பேச்சு வேண்டாம். மேலே உள்ள எண்ணெய்க் கிண்ணம் ஒருபோதும் வற்றக் கூடாது. வெளியே வந்த எண்ணெயை மறுபடியும் ஊற்றக் கூடாது. குமிழே இல்லாமல் எண்ணெய் வந்து, பெடல் உயரத்திலேயே கல்லாக நிற்கும்வரை தொடருங்கள். அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றினால் போதும்.

டயரும் இந்தப் பகுதியைச் சேர்ந்ததுதான். பூ (தரையைப் பற்றும் வரிப்பள்ளம்) நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரை வைத்துக்கொள்ளாதீர்கள். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். சிவப்பு மண் சாலையில் பிடிப்பது மழையில் நனைந்த தார்ச்சாலையில் வழுக்கும்; ரப்பர் இறுகிவிட்ட டயர் ஈரத்தில் நிற்காது.

ஸ்டீயரிங்கும் தாங்கிகளும்

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருப்பது பேரிங் அல்லது பந்து மூட்டில். இடமும் வலமும் பிடித்து அசைத்தால் தெரியும் ஆட்டம் ஸ்டீயரிங் இணைப்புகளில். 120ஒய் காரில் பல்சட்டத்துக்குப் பதிலாகக் குண்டுகள் உருளும் ஸ்டீயரிங் பெட்டி இருப்பதால் சிறிதளவு தளர்வு இயல்பானதே. அதைப் போக்கப் பெட்டியின் திருகை அளவுக்கு மீறி இறுக்கினால், திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேராக வராது. முதலில் இணைப்புகளையும் அவற்றின் மறுமுனையைத் தாங்கும் துணைக் கையையும் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் ரப்பர் புஷ்கள் மலிவானவை. அவற்றை மாற்றினாலே தோட்டச் சாலைக் குழிகளில் வரும் பாதிச் சத்தம் போய்விடும்.

சூடு

வெளியே 33 பாகை வெயில், முன்னால் குலை ஏற்றிய லோரி, பின்னால் வண்டி வரிசை: பழைய காரை நம் ஊரில் தினமும் ஓட்டுவோர் அஞ்ச வேண்டியது இந்த நேரத்தைத்தான். ஏ12 எஞ்சினின் உடல் வார்ப்பிரும்பு, தலை அலுமினியம். இரண்டும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்டால் தலை வளைந்து கேஸ்கெட் போய்விடும். தலையைக் கழற்றி இயந்திரத்தில் சமன்செய்யும் செலவோடு ஒப்பிட்டால், ரேடியேட்டரின் உட்கூட்டைப் புதிதாக மாற்றுவது சிறிய செலவு.

வெற்றுக் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். அலுமினியமும் இரும்பும் ஒரே தண்ணீரில் நனையும்போது அரிப்பு கூடும். அதைத் தடுக்கும் மருந்து, ரேடியேட்டருக்கென விற்கும் கூலன்டில்தான் இருக்கிறது. சூடாகும் எஞ்சினில், சூடேறிய பிறகே திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும்படி சொல்பவர்கள் உண்டு. அதை நாங்கள் ஏற்கவில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரம் பிடிக்கும். அதுவரை பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், சிலிண்டர் தேயும். அது கழற்றப்படும்போது சூட்டின் அடிப்படைக் காரணம் மறைக்கப்படுகிறதே தவிரத் தீர்வதில்லை. புதிய 82 பாகைத் தெர்மோஸ்டாட்டை வெந்நீர்ச் சட்டியில் போட்டு, திறக்கிறதா என்று பார்த்த பிறகு பொருத்துங்கள். ரேடியேட்டர் மூடியும் ஒரு பாகமே. அழுத்தத்தைத் தாங்கும் அதன் ரப்பர் இறுகிவிட்டால் தண்ணீர் முன்னதாகவே கொதிக்கும். தண்ணீர்ப் பம்பின் அடியில் உள்ள சிறு துளையிலிருந்து கசிவு தெரிந்தால் பம்பை மாற்றும் காலம் வந்துவிட்டது.

இவையெல்லாம் முடிந்ததும், முகப்பு விளக்கு எரிய, முற்றத்தில் அரை மணி நேரம் எஞ்சினை ஓட விட்டுச் சூட்டுமானியைக் கவனியுங்கள். முள் நடுவில் நின்றால், அடுத்த சோதனை நெடுஞ்சாலையில். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே மெனோரா சுரங்கப்பாதைக்குச் செல்லும் ஏற்றம் எந்தக் காரின் ரேடியேட்டரையும் சோதித்துவிடும். அன்றாடப் பயணத்துக்குச் செம்மோர் வழியாகச் செல்லும் பழைய கூட்டரசுச் சாலையே இந்தக் காருக்கு ஏற்றது. ஆனால் அந்த ஏற்றத்தை ஒருமுறை முள் அசையாமல் கடந்த காரை மதிய வெயிலிலும் நம்பலாம். குளிர்சாதனம் பொருத்த விரும்புவோர் இந்தச் சோதனைக்குப் பிறகே அதைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்கு மின்விசிறியும் பெரிய ஆல்டர்னேட்டரும் கூடவே வேண்டும்.

கம்பிகளும் எலிகளும்

செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். அதற்காகவே பல தோட்டங்களில் கூகை ஆந்தைகளுக்குப் பெட்டி வைத்து வளர்க்கிறார்கள். நின்றுபோன காரின் கம்பிக்கட்டு எலிகளுக்கு விருப்பமான இடம். ஆகவே நாடா சுற்றிய கட்டு முழுவதையும் திறந்து, ஒவ்வொரு கம்பியையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இந்த வேலையை நான் செய்தேன். பொறுமையும் நல்ல வெளிச்சமும் இருந்தால் முன்னனுபவம் இல்லாதவரும் செய்யக்கூடிய வேலை இது. கடித்த கம்பியை அதே நிறத்தில், அதே தடிமனில் மாற்றுங்கள். முறுக்கி நாடா ஒட்டாமல், முனைக்கு உலோக உறை நசுக்கிப் பொருத்துங்கள். பேட்டரியிலிருந்து உடலுக்கும் எஞ்சினுக்கும் செல்லும் தரைக்கம்பிகள் புதிதாக இருந்தால், காரணம் தெரியாத மின்கோளாறுகள் பல தாமாகவே மறைந்துவிடும். முகப்பு விளக்கின் மின்சாரம் முழுவதும் பழைய சுவிட்ச் வழியாகவே செல்வதால் வெளிச்சம் மங்கும். இரண்டு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்துப் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தால், தெருவிளக்கு இல்லாத தோட்டச் சாலையில் உடனே வேறுபாடு தெரியும். இதில் ஐயம் இருப்போர் நல்ல வயர்மேன் ஒருவரிடம் அந்தப் பகுதியை மட்டும் கொடுக்கலாம். மழைத்துடைப்பானின் மோட்டாரையும் மறக்க வேண்டாம். மாலை மழை நமக்காகக் காத்திருக்காது.

உடலும் சாயமும்

துருவேறிய தகரத்தை நல்ல தகரம் தெரியும்வரை வெட்டி எடுத்து, புதிய தகரத்தைப் பற்றவைப்பதே முறை. துருவின்மேல் மாவு பூசினால் உள்ளே அரிப்பு தொடரும். பற்றவைக்குமுன் பேட்டரியையும் அருகில் உள்ள பெட்ரோல் டாங்கியையும் கழற்றிவிட வேண்டும். கதவின் அடியிலும் விளிம்புப் பெட்டியிலும் நீர் வடியும் துளைகள் உண்டு. செம்மண் அவற்றை அடைத்துவிடுகிறது. அவற்றைக் குத்தித் திறந்து, உட்குழிகளில் மெழுகு கலந்த துருத்தடுப்பைத் தெளியுங்கள். சாயம் அடிக்கும் பட்டறைக்குப் போகும்போது பழைய நிறத்தையே கேளுங்கள். நிறத்தை மாற்றினால் பரிசோதனையும் கெரான் திருத்தமும் வேண்டும். மெத்தை உறை, தரைவிரிப்பு முதலியவை எப்போது வேண்டுமானாலும் செய்யக்கூடியவை.

இருக்கைப் பட்டி மட்டும் தள்ளிப்போடக் கூடாதது. மலேசியாவில் முன்னிருக்கைப் பட்டி 1979 முதலும் பின்னிருக்கைப் பட்டி 2009 முதலும் கட்டாயமாக்கப்பட்டன. குழந்தைகளுக்கான தனி இருக்கை 2020 முதல் கட்டாயம். பட்டியின் திருகு பொருந்தும் இடத்துக்குப் பின்னால் தடித்த எஃகுத் தகடு இருக்க வேண்டும். வெறும் தகரத்தில் துளையிட்டுப் பொருத்திய பட்டி மோதலில் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். குழந்தை உள்ள வீட்டினர் இந்த வேலையைத் தேர்ந்த பட்டறையிடம் கொடுங்கள்.

சாலைக்கு வந்த பிறகு

பரிசோதனை, காப்புறுதி, சாலை வரி என்ற வரிசையில் காகித வேலை முடியும். தீபகற்பத்தில் 1,001 முதல் 1,200 சிசி வரையிலான தனியார் காருக்கு ஆண்டுச் சாலை வரி 55 ரிங்கிட்தான். காப்புறுதியில், பழைய காரின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதித் தரும் நிறுவனத்தைத் தேடுங்கள். இல்லையேல் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே கிடைக்கக்கூடும்.

முதல் மாதம் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள்: சந்தை, கோயில், பள்ளி. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கார் நின்ற இடத்தில் எண்ணெய்த் துளி இருக்கிறதா என்று பாருங்கள்; நான்கு சக்கரங்களின் நடுவிலும் கை வைத்து, ஒன்று மட்டும் அதிகமாகச் சுடுகிறதா என்று தடவிப் பாருங்கள். அப்படிச் சுட்டால் அங்கே பிரேக் விடவில்லை. சக்கர நட்டுகள், ஸ்பிரிங் நட்டுகள், கார்புரேட்டர் நட்டுகள் ஆகியவற்றை முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடியும் இறுக்க வேண்டும்; புதிதாகப் பொருத்தியவை அமர்ந்து தளரும். வாரத்துக்கு ஒருநாள், எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலையில், எஞ்சின் எண்ணெய், கூலன்ட், பிரேக் எண்ணெய், டயர்க் காற்று ஆகிய நான்கையும் இருவரில் ஒருவர் பார்த்து நோட்டில் எழுதட்டும். பிரேக் எண்ணெய் காரணமின்றிக் குறைந்தால் அன்று காரை எடுக்க வேண்டாம்.

பின்பெட்டியில் எப்போதும் ஒரு விசிறி பெல்ட், பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், பியூஸ், சில பல்புகள், ஒரு முழம் பெட்ரோல் குழாய், இரண்டு லிட்டர் தண்ணீர், அவற்றைக் கழற்றி மாட்டத் தேவையான ஸ்பேனர்கள் ஆகியவை இருக்கட்டும். இந்தக் கார் வழியில் நின்றால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். பெல்ட் மாற்றுவதையும் பாயிண்ட் மாற்றுவதையும் இருவரும் தனித்தனியே வீட்டில் செய்து பழகிக்கொள்ளுங்கள். தோட்டச் சாலையில் கார் நிற்கும் நேரத்தில் யார் ஓட்டிக்கொண்டிருப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எண்ணெயையும் வடிகட்டியையும் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றி, அதே நாளில் பாயிண்ட் இடைவெளியையும் வால்வு இடைவெளியையும் அளந்துவிடுங்கள்.